முதலில் எர்த் குழியைப் பார்

1984-ஆம் ஆண்டு, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. புதுச்சேரியில் ஓர் ஆலையின் டிரான்ஸ்ஃபார்மர் யார்டில் நின்றிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். "மோட்டார் எல்லாம் ஓடுது, ஒரு ஃபியூஸ்கூடப் போகல, ஆனா கிணத்தடியில நாய் செத்துக் கிடக்கு" என்று ஆலையின் வயர்மேன் ஆள் அனுப்பியிருந்தார். நான் சுவிட்ச் போர்டின் கதவைத் திறக்கப் போனேன். எங்கள் ஃபோர்மன் ஐயா தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"அதுல ஒண்ணும் தெரியாது. மொதல்ல எர்த் குழியப் பாரு."

பார்த்தேன். யார்டு முழுக்கச் சேறு. நியூட்ரலின் எர்த் குழியைச் சுற்றி இரண்டடி வட்டம் மட்டும் காய்ந்து வெளுத்திருந்தது. அதன் விளிம்பிலிருந்து சோற்றுப் பானையில் எழுவதுபோல மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது. கிட்டே போக ஐயா விடவில்லை. அந்த மண்ணில் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நடுவிலேயே ஆளை வீழ்த்தும் வோல்டேஜ் இருக்கும் என்பதை அன்றுதான் கேட்டேன். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து குழிக்கு இறங்கும் இரும்புப் பட்டையில், மேலே எட்டும் இடத்தில், கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டினார். நூறு ஆம்பியர்.

காரணம் கிணற்றில் இருந்தது. போர் பம்புக்குப் போன கேபிளின் ரப்பர், கேசிங் குழாயின் விளிம்பில் உரசி உரசித் தேய்ந்து, ஒரு ஃபேஸ் குழாயைத் தொட்டுவிட்டது. பம்பின் எர்த் வயர் எப்போதோ அறுந்திருந்தது. ஆகவே கரண்ட் குழாய் வழியாக மண்ணில் இறங்கி, அறுபது எழுபது கஜம் மண்ணுக்குள்ளேயே நடந்து, நியூட்ரல் குழியில் ஏறிக்கொண்டிருந்தது. குழாய்க்கும் மண்ணுக்கும் ஒன்றரை ஓம், குழிக்கு ஒரு ஓம் என்று வைத்தால் 250 வோல்ட்டுக்கு நூறு ஆம்பியர்தான் வரும். அங்கிருந்த ஃபியூஸ் 400 ஆம்பியர். அதற்கு இது சாதாரண லோடு. கிணற்றுக் குழாயில் மட்டும் 150 வோல்ட் நின்றது. நாய் தண்ணீர் குடிக்க வந்திருக்கும். ஒரு மணி நேரம் கழித்து ஆலைப் பெண்கள் குடத்தோடு வந்திருப்பார்கள்.

திரும்பும் வழியில் டீக்கடையில் ஐயா சொன்னார்: "போன கரண்ட்டு பொறந்த எடத்துக்குத் திரும்பியாகணும் தம்பி. அதோட பொறந்த எடம் நியூட்ரல். என்ன தப்பு நடந்தாலும் அங்கதான் வந்து சேரும். வாசல்ல நின்னா யாரு வர்றாங்கன்னு தெரிஞ்சுடும்."

அதன்பின் நாற்பது ஆண்டுகள் இந்த ஊரைச் சுற்றியே ரிலே சோதனை, டிரான்ஸ்ஃபார்மர் சோதனை என்று ஓடிவிட்டது. மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் தொழிற்பேட்டைகள், கடலோர விடுதிகள், மருத்துவமனைகள் என்று பெட்டியைத் தூக்காத இடம் குறைவு. பல கோடிக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்குகிறவர்கள், அதன் நியூட்ரலை மண்ணோடு சேர்க்கும் ஒரு சாண் பட்டையையும் நாலு போல்ட்டையும் திரும்பிப் பார்ப்பதில்லை. எர்த் ஃபால்ட் வரும் நாளில் எல்லாம் அந்தப் பட்டையில்தான் முடிவாகிறது. நான் பார்த்த விபத்துகளில் பாதிக்கு மேல் அங்கே தொடங்கியவை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தொழிற்சாலையில் 433 வோல்ட் பக்கத்துப் பேனல் ஒன்று எரிந்து கருகியது. 500 கே.வி.ஏ., 22 கே.வி. டிரான்ஸ்ஃபார்மர், உயர் அழுத்த (ஹெச்.டி.) பக்கம் டெல்டா, தாழ் அழுத்த (எல்.டி.) பக்கம் ஸ்டார். ஒரு ஃபேஸ் பஸ்பார் எலியால் பேனலின் உடம்போடு ஒட்டிப் பொறி கிளம்பி, பேனல் உருகிய பிறகே மேலே பிரேக்கர் விழுந்தது. நான் போனபோது முதலாளி கொதித்துக்கொண்டிருந்தார். "எர்த் ஃபால்ட்னு எல்லாரும் சொல்றீங்க. ஹெச்.டி. பேனல்ல எர்த் ஃபால்ட் ரிலேன்னு ஒண்ணு இருக்குல்ல? அதுல ஃப்ளாகே விழல. விழுந்தது ஓவர் கரண்ட் ரிலே ஃப்ளாக். செத்த ரிலேய மாட்டிட்டுப் போயிட்டாங்க."

பல்லாவரத்தில் செய்த இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் சி.டி.ஜி. 11 அது. கண்ணாடிக்குள் வெள்ளித் தட்டு சுழலும் பழைய வகை. பெட்டியைத் திறந்து இன்ஜெக்ஷன் செட்டில் கரண்ட் கொடுத்தேன். சொன்ன கரண்ட்டில் சொன்ன நொடியில் தட்டு சுற்றித் தொட்டது. ரிலே உயிரோடுதான் இருந்தது. அதன் கண்ணுக்கு எதுவும் எட்டவில்லை, அவ்வளவுதான்.

அன்று முதலாளிக்குப் புரிய வைக்க அவர் வீட்டையே எடுத்துக்கொண்டேன். தமிழர் பகுதியில் முற்றம் வைத்த பழைய வீடு அவருடையது. முற்றத்தில் பெய்த மழை முற்றத்துக்குள்ளேயே சுற்றி உள்வடிகாலில் போகும், தெருவுக்கு வராது. டெல்டா அப்படி ஒரு முற்றம். எல்.டி. பக்கம் ஒரு ஃபேஸ் மண்ணைத் தொட்டால் மூன்று ஃபேஸிலும் ஒரே திசையில் ஓடும் பங்கு ஒன்று உண்டு. அந்தப் பங்கு டெல்டாவுக்குள்ளேயே வட்டமிட்டுவிடும், வெளி லைனில் தலைகாட்டாது. கணக்கும் போட்டுக் காட்டினேன். இந்த டிரான்ஸ்ஃபார்மரின் உள்தடை நாலரை சதவீதம். எல்.டி. முனையிலேயே ஒரு ஃபேஸ் எர்த் ஆனால் சுமார் 14,800 ஆம்பியர் ஓடும். ஒரு காயிலுக்கு 22,000-க்கு 250 என்ற விகிதத்தில் அது ஹெச்.டி. பக்கம் 168 ஆம்பியராக வரும். ஒரு லைனில் போய் அடுத்த லைனில் திரும்பிவிடும். மூன்று லைனையும் கூட்டினால் சுழியம். எர்த் ஃபால்ட் ரிலே பார்ப்பது அந்தக் கூட்டலைத்தான். ஆகவே எல்.டி.யில் நடந்த எர்த் ஃபால்ட், ஹெச்.டி.யில் இரண்டு ஃபேஸ் ஒட்டிக்கொண்டதுபோல வேடம் போட்டு வரும். மூன்று ஃபேஸும் சேர்ந்து ஷார்ட் ஆனால் வரும் 291 ஆம்பியரோடு ஒப்பிட்டால் பாதிக்குச் சற்று மேல்.

அதுவும் முழு ஷார்ட் என்றால்தான். பொறி எரியும்போது அதன் தடையே கரண்ட்டைப் பாதியாக்கிவிடும். ஓவர் கரண்ட் ரிலே யோசித்து யோசித்துச் சுற்றும். அதற்குள் செம்பு ஒழுகிவிடும்.

மருந்து ஒன்றுதான். எல்.டி. நியூட்ரலிலிருந்து மண்ணுக்கு இறங்கும் பட்டையில் ஒரு சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்), அதற்கு ஒரு ரிலே, அது ஹெச்.டி. பிரேக்கரைத் தட்ட வேண்டும். திரும்பி வருகிறவனை வாசலிலேயே பிடிப்பது. ஐயாவின் டீக்கடைப் பாடம்தான் அது. அந்தத் தொழிற்சாலையில் மாட்டினோம். அடுத்த சில ஆண்டுகளில் நான் போன எல்லா இடத்திலும் இதைக் கேட்டு வாங்கி மாட்ட வைத்தேன். சில இடங்களில் "அதான் ஹெச்.டி.யில எர்த் ஃபால்ட் ரிலே இருக்கே" என்ற பதில் இன்றும் வருகிறது.

இனிச் சொல்லப்போவது என் கை செய்த தவறு. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அது உறுத்துகிறது.

110 கே.வி.யில் நேரடி இணைப்பு எடுத்திருந்த ஓர் ஆலை. 10 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், 11 கே.வி. பக்கம் ஸ்டார், நியூட்ரல் நேராக எர்த். அதற்கு ரெஸ்ட்ரிக்டட் எர்த் ஃபால்ட் பாதுகாப்பு உண்டு. மூன்று ஃபேஸ் சி.டி.க்களையும் நியூட்ரல் சி.டி.யையும் சேர்த்து நடுவில் ஒரு சி.ஏ.ஜி. 14 ரிலே. எர்த் ஃபால்ட் வெளியே ஃபீடரில் என்றால் ஃபேஸ் வழியே போன கரண்ட்டும் நியூட்ரல் வழியே வந்ததும் சமமாகி ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ரிலே சும்மா இருக்கும். ஃபால்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் என்றால் கணக்குத் தவறும், ரிலே நொடியில் தட்டும். இதன் அருமை நியூட்ரலுக்கு அருகில் நடக்கும் ஃபால்ட்டில்தான் தெரியும். வைண்டிங்கின் கடைசிப் பத்தில் ஒரு பங்கில் இன்சுலேஷன் போனால் அங்கே உடைந்து ஓடும் கரண்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் மேல் பக்கத்து வைண்டிங்குக்கு அது வெகு சில சுற்றுகளின் கரண்ட்தான். லோடு கரண்ட்டில் கலந்து மறைந்துவிடும். நியூட்ரலில் ரெசிஸ்டன்ஸ் வைத்து, ஃபால்ட் கரண்ட்டை முழு லோடு அளவுக்குக் கட்டுப்படுத்திய டிரான்ஸ்ஃபார்மரில் இன்னும் மோசம். நியூட்ரலிலிருந்து பத்து சதவீதத்தில் ஃபால்ட் என்றால் டெல்டா பக்கத்து லைனில் முழு லோடில் 0.6 சதவீதம்கூட வராது. வாசலில் நிற்கும் நியூட்ரல் சி.டி. மட்டுமே அதைப் பார்க்கும்.

அந்த ஆலையில் நியூட்ரல் சி.டி. பழுதாகிப் புதிது போட்டார்கள். வயரைப் பூட்டியவன் நான். மறுநாள் காலை மில்லை ஓட்ட வேண்டும் என்று அவசரம். மெகரில் இன்சுலேஷன் பார்த்தேன், சி.டி. விகிதம் பார்த்தேன், ரிலேக்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். வெளி ஃபால்ட்டில் ரிலே சும்மா இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்டெபிலிட்டி டெஸ்ட் மட்டும் செய்யவில்லை. "அப்புறம் ஷட்டவுன்ல பார்த்துக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டேன்.

அந்த மழைக்காலத்தில் மூன்று முறை டிரான்ஸ்ஃபார்மர் விழுந்தது. மூன்று முறையும் ரெஸ்ட்ரிக்டட் ஃப்ளாக். அந்த ஃப்ளாக் விழுந்தால் டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஃபால்ட் என்று அர்த்தம், யாரும் துணிந்து சார்ஜ் செய்ய மாட்டார்கள். எண்ணெய் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புக்ஹோல்ஸ் ரிலேயில் வாயு இல்லை. வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் சரி. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் மில் நின்றது. மூன்றாவது முறை டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றித் தொழிற்சாலைக்கு ஏற்றுவது என்று முடிவாகி கிரேன் பேசிவிட்டார்கள்.

கிரேன் வருவதற்கு முதல் நாள் இரவு லாக் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்று தேதியிலும், அதே நிமிடத்தில், ஏதோ ஓர் 11 கே.வி. கேபிள் ஃபீடரிலும் எர்த் ஃபால்ட் ஃப்ளாக் விழுந்திருந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஃபால்ட் என்றால் ஃபீடர் ஏன் அழ வேண்டும்? வெளியே நடந்த ஃபால்ட்டை ரிலே உள்ளே என்று நினைத்திருக்கிறது. கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறது. எனக்கு உடம்பு சில்லிட்டது. அந்த வயரைப் பூட்டிய கை என்னுடையது.

விடிந்ததும் கிரேனை நிறுத்தச் சொன்னேன். 110 கே.வி. பக்கத்தில் வெறும் 415 வோல்ட் கொடுத்தோம். 11 கே.வி. பக்கத்தில், சி.டி.க்களுக்கு அப்பால், ஒரு ஃபேஸை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டினோம். பத்து சதவீத உள்தடை உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் இப்படிச் செய்தால் சுமார் 20 ஆம்பியர் ஓடும். 600-க்கு 1 சி.டி.யில் அது 33 மில்லி ஆம்பியர். ரிலேயின் கிளையில் மீட்டரை வைத்தால் சுழியம் காட்ட வேண்டும். 66 காட்டியது. நியூட்ரல் சி.டி.யின் எஸ் 1, எஸ் 2 வயர்கள் இரண்டையும் மாற்றிப் பூட்டினேன். முள் கீழே வந்து படுத்தது. இரண்டு ஸ்க்ரூ.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கிரேன் வாடகைய நீங்க குடுத்துடுங்க" என்றார். கொடுத்தேன். அன்றிலிருந்து ஸ்டெபிலிட்டி டெஸ்ட் செய்யாமல் எந்த டிரான்ஸ்ஃபார்மருக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் இரண்டு மூன்று வேலைகள் கைவிட்டுப் போயின, போகட்டும்.

புக்ஹோல்ஸ் ரிலே என்றேன். ஜெர்மானியரான மாக்ஸ் புக்ஹோல்ஸ் 1921-இல் உருவாக்கியது. நூறாண்டு தாண்டியும் டாங்குக்கும் எண்ணெய்க் கன்சர்வேட்டருக்கும் நடுக்குழாயில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வைண்டிங் கோரையோ டாங்கையோ தொட்டுப் பொறி விட்டால், சூட்டில் எண்ணெய் உடைந்து வாயு கிளம்பி அங்கே சேரும். எங்கள் காலத்து மூத்தவர்கள் சின்னக் குழாயைத் திறந்து தீக்குச்சி காட்டுவார்கள். பற்றி எரிந்தால் உள்ளே பொறி, எரியாவிட்டால் வெறும் காற்று. ஐயா செய்து ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்தச் சின்னத் தீ நாக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இன்று அதைச் செய்யக் கூடாது. வாயுவைப் புட்டியில் பிடித்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறோம். அசெட்டிலீன் இருந்தால் பொறி என்று அறிக்கை வரும்.

இந்த ஊரின் மண்ணைப் பற்றிச் சொல்லாமல் எர்த்திங் பற்றிப் பேச முடியாது. கடற்கரை ஓரம் தோண்டினால் சில அடியில் நீர், அதுவும் உப்பு. எர்த் குழி அரை ஓம் காட்டும். வடக்கே காலாப்பட்டு, சேதராப்பட்டு பக்கம் செம்மண் மேடு. சித்திரை வெயிலில் அதே அளவுக் குழி எட்டு ஓம், ஒன்பது ஓம். அங்கே வாட்ச்மேனுக்குத் தினம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது ஒரு வேலை. உப்பும் கரியும் போட்டு நிரப்பும் பழைய முறையில் உப்பு ஓமைக் குறைக்கும், கூடவே இரும்பையும் தின்னும். செம்மண்ணில் அந்த உப்பு தேவைப்பட்டது. கடற்கரையில் கடலே போதிய உப்பைத் தருகிறது. அங்கும் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு விடுதி. ஆண்டுதோறும் எர்த் சோதனை அறிக்கை வைத்திருந்தார்கள். நியூட்ரலுக்கு இரண்டு குழி, 0.6, 0.7 ஓம். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலிருந்தே நியூட்ரலுக்கு இரண்டு தனித்தனி எர்த் கட்டாயம். அதன்படியே போட்டிருந்தார்கள். ஒருநாள் அங்கிருந்த எலெக்ட்ரீஷியன் தம்பி போன் செய்தார். "சார், நியூட்ரல் அடிக்குது சார்." குரல் நடுங்கியது. நியூட்ரலைத் தொட்டு ஏணியிலிருந்து விழுந்திருக்கிறார். நல்லவேளை, கை மட்டும் சுளுக்கியது.

போய்ப் பார்த்தால், நியூட்ரலுக்கும் மண்ணுக்கும் 250 வோல்ட். ஆர் ஃபேஸுக்கும் மண்ணுக்கும் கிட்டத்தட்ட சுழியம். மற்ற இரண்டும் மண்ணுக்கு 433. சலவைக்கூடத்தில் ஆர் ஃபேஸ் ஒரு மோட்டாரின் உடம்பைத் தொட்டிருந்தது. பட்டை முழுதாக இருந்திருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போயிருக்கும். குழியைத் தோண்டினோம். டிரான்ஸ்ஃபார்மர் மேடையின் கான்கிரீட் முடிந்து மண் தொடங்கும் இடத்தில், ஒரு முழ ஆழத்தில், இரண்டு பட்டையும் துருவாக உதிர்ந்து போயிருந்தன. கையில் எடுத்தால் பொடி. மேலே பெயின்ட் அடித்துப் பச்சையாகப் பளபளத்தது. கீழே குழியும் நன்றாகவே இருந்தது. நடுவில் வழி இல்லை. ஆண்டுதோறும் லிங்க்கைக் கழற்றிக் குழியை மட்டும் அளந்திருக்கிறார்கள். நியூட்ரலிலிருந்து குழிவரை பாதை இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. மண்ணிலிருந்து விலகிய நியூட்ரலோடு அந்த விடுதி எத்தனை மாதம் ஓடியதோ, விளக்கு எரிந்தது, குளிர்சாதனம் ஓடியது, ஒரு குறையும் தெரியவில்லை. முதல் எர்த் ஃபால்ட் வந்தபிறகுதான் தெரிந்தது.

அதற்குப்பின் குழியின் ஓமோடு நான் நிற்பதில்லை. நியூட்ரல் புஷிங்கிலிருந்து குழியின் தலைவரை பத்து ஆம்பியர் அனுப்பி மில்லிவோல்ட் பார்ப்பேன். கடலோரத்தில் செம்புப் பட்டை போடச் சொல்வேன். செம்பைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்பார்கள். உண்மைதான், போயிருக்கிறது. அப்படியானால் கான்கிரீட்டுக்குள் புதையுங்கள் என்பேன்.

பிரெஞ்சுத் தொடர்பு உள்ள ஊர் இது என்பதால் வந்த ஒரு வேலையும் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். இங்கே "சொல்தா வீடு" என்பார்கள். மகன் பாரிஸிலிருந்து கொண்டுவந்த பிரேக்கரை வீட்டுக்கு மாட்டியிருந்தார். பிரான்சில் வீட்டு மெயின் பிரேக்கரே கசிவைப் பார்க்கும். 500 மில்லி ஆம்பியர் மண்ணுக்குக் கசிந்தால் விழுந்துவிடும். அங்கே நியூட்ரலை மின்சாரக் கம்பெனி டிரான்ஸ்ஃபார்மரில் எர்த் செய்யும், வீட்டுக்காரர் தமக்கென்று தனி எர்த் வைத்துக்கொள்வார். மண் வழியே திரும்பும் கரண்ட் ஃபியூஸை உருக்கப் போதாது என்று தெரிந்து செய்த ஏற்பாடு அது. நான் முதலில் சொன்ன ஆலையின் கிணற்றடியில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அந்த நாய் பிழைத்திருக்கும்.

பெரியவர் வீட்டில் பிரேக்கர் தினம் விழுந்தது. "ஃப்ரான்ஸ் சாமான் இந்த ஊருக்கு ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி" என்றார் வருத்தமாக. சாமானில் குறையில்லை. பின்கட்டில் பழைய வயரிங்கில் யாரோ நியூட்ரலையும் எர்த்தையும் ஒரே கட்டையில் சேர்த்து முறுக்கியிருந்தார்கள். கரண்ட்டுக்குத் திரும்ப இரண்டு வழி கிடைத்துவிட்டது. ஒரு பங்கு மண் வழியே போனது, பிரேக்கர் அதைக் கசிவு என்று சரியாகவே எடுத்துக்கொண்டது. முறுக்கைப் பிரித்தேன். எனக்கு ஒரு தட்டு நிறைய விவிகம் கேக் கிடைத்தது.

இதே கோளாறைப் பெரிய அளவில் மருத்துவமனைகளில் பார்த்தேன். ஜெனரேட்டர் நியூட்ரலும் எர்த், டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலும் எர்த், நடுவில் மூன்று போல் சேஞ்ச் ஓவர். நியூட்ரல் இரண்டும் எப்போதும் ஒட்டியே இருக்கும். ஃபால்ட் கரண்ட் இரண்டு வாசலிலும் பிரிந்து வரும், எந்த ரிலேயும் முழுதாகப் பார்க்காது. சாதாரண நாளில் நியூட்ரல் கரண்ட்டில் ஒரு பங்கு மண்ணில் போய், ஃபால்ட் இல்லாமலே ரிலே விழும். நான்கு போல் போட்டால் தீரும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் தானே புயல் கரை கடந்தது. அந்த நாட்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். எங்கள் வேலை, நின்றுபோன டிரான்ஸ்ஃபார்மர்களை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சார்ஜ் செய்யக் கொடுப்பது. புஷிங்குகளில் உப்புப் படிந்து விரலில் ஒட்டியது. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, வெயிலில் காய வைத்து, மெகர் ஏறும்வரை காத்திருந்தோம். அந்த வாரத்தில் என்னை மிகவும் பயமுறுத்தியது டிரான்ஸ்ஃபார்மர் அல்ல, சாலையில் கிடந்த கம்பிகள். கம்பி அறுந்து விழுந்தால் எர்த் ஃபால்ட், பிரேக்கர் விழுந்திருக்கும், தொட்டால் ஒன்றுமில்லை என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 12.5 கே.வி. லைனைத் தரையில் போட்டுச் சோதித்திருக்கிறார்கள். உலர்ந்த மணலிலும் தார்ச் சாலையிலும் ஏறத்தாழ சுழியம் ஆம்பியர். ஈர மணலில் 15, ஈரப் புல்லில் 50, கம்பி கட்டிய கான்கிரீட்டில் 75. ஃபீடரின் எர்த் ஃபால்ட் ரிலேயை 40 ஆம்பியரில் வைத்திருந்தால், நம் கடற்கரை மணலில் விழுந்த கம்பி அதன் கணக்கிலேயே வராது. அது உயிரோடு கிடக்கும். இதை நான் பள்ளிகளில் போய்ச் சொல்லியிருக்கிறேன். இனியும் சொல்வேன். அறுந்த கம்பியைக் கண்டால் குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நின்று, யாரையும் கிட்டே விடாமல், லைன்மேன் வரும்வரை காவல் இருங்கள்.

இப்போது ரிலேக்கள் எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டன. தட்டு சுற்றுவதில்லை. ஃபால்ட் நடந்த மில்லிசெகண்ட், மூன்று ஃபேஸின் அலை, நியூட்ரலின் அலை எல்லாம் லேப்டாப்பில் இறங்குகின்றன. லாக் புத்தகத்தில் நான் ஓர் இரவு முழுக்கத் தேடியதை இன்று ஒரு பெண் பொறியாளர் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் காட்டுகிறார். இது பெரிய வரம். ஆனால் ஏ.சி. அறையைவிட்டு யார்டுக்குப் போகும் கால்கள் குறைந்துவிட்டன.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறி, நகராமல் நின்று பெய்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. வெள்ளம் வடிந்து ஒரு வாரம் கழித்து ஓர் ஆலையில் கூப்பிட்டார்கள். சார்ஜ் செய்த மறுநாளே ரெஸ்ட்ரிக்டட் ஃப்ளாக்கோடு டிரான்ஸ்ஃபார்மர் விழுந்திருந்தது. அங்கிருந்த இளைய பொறியாளர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஃபேஸ்களின் கூட்டல் 320 ஆம்பியர், நியூட்ரல் சி.டி. 150.

"சி.டி. போயிடுச்சுன்னு நெனைக்கிறேன் சார். பாதிதான் காட்டுது. இல்லன்னா உள்ள ஃபால்ட்."

"ஃபீடர்ல ஃப்ளாக் இருக்கா?"

"இருக்கு சார். மூணாவது ஃபீடர், கேபிள் பாக்ஸ்ல தண்ணி."

"வாங்க, யார்டுக்குப் போவோம்."

மேடையைச் சுற்றிப் புது மண் கொட்டியிருந்தது. வெள்ளம் அரித்த இரண்டாவது எர்த் பட்டையை யாரோ அக்கறையாகப் புதிதாகப் போட்டிருந்தார்கள். துத்தநாகப் பூச்சு வெயிலில் மின்னியது. கீழிருந்து அதைக் கண்ணால் தொடர்ந்தேன். பழைய பட்டை நியூட்ரல் சி.டி.யின் வளையத்துக்குள் நுழைந்து இறங்கியபின் பூட்டப்பட்டிருந்தது. புதியது சி.டி.க்கு மேலேயே, நேராக நியூட்ரல் புஷிங்கின் முனையில் பூட்டப்பட்டிருந்தது. திரும்பி வந்த கரண்ட்டில் பாதி, சி.டி.யின் கண்ணில் படாமல் அந்த வழியே ஏறியிருக்கிறது.

அவர் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எதுவும் பேசாமல் போய் ஷட்டவுன் சீட்டு எழுதிக்கொண்டு வந்தார். டிஸ்சார்ஜ் ராடு மாட்டி, ஏணி வைத்து அவரே ஏறினார். பட்டையைக் கழற்றி சி.டி.க்குக் கீழே கொண்டுவந்து பூட்டினோம். மாலையில் 415 வோல்ட் கொடுத்து, மில்லி ஆம்பியர் மீட்டரை ரிலேயின் கிளையில் அவர் கையாலேயே வைக்கச் சொன்னேன்.

"ஒண்ணு சார். ஒண்ணே ஒண்ணு."

"எழுதிக்குங்க. மத்த ரெண்டு ஃபேஸையும் பாத்துடுவோம்."